ரைடிங் மோவர் கவிழ்ந்தபின் உற்பத்தியாளரின் பொறுப்பை ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஏறி ஓட்டும் புல்வெட்டி கவிழ்ந்து ஒருவர் காயமடைந்தாலோ இறந்தாலோ, அந்த இயந்திரத்தை வடிவமைத்து விற்ற நிறுவனத்துக்கு அதில் பங்கு உண்டா என்று ஆராய வேண்டியவர்களுக்காக இது எழுதப்படுகிறது. பொறியியல் படித்துவிட்டு விபத்து ஆய்வுத் துறைக்குப் புதிதாக வருபவர்களும், குடும்பத்தில் ஒருவருக்காக வழக்கறிஞரைத் தேடி அலைபவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். "பாதுகாப்பு வளைவு (கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு) இல்லாமல் விற்றுவிட்டார்களே" என்ற முடிவை முதலிலேயே எடுத்துக்கொண்டு, அதற்கான ஆதாரத்தைப் பிறகு தேடுகிறார்கள். அதற்குள் ஆதாரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

கடைசியில் நீதிமன்றம் கேட்கப்போகும் கேள்வி குறுகலானது: இந்த மனிதர், இந்த இடத்தில், இப்படிக் கவிழ்ந்தபோது, விற்பனைக்காலத்திலேயே செய்திருக்கக்கூடிய எந்த மாற்றம் அவரைக் காப்பாற்றியிருக்கும்? கீழே உள்ள படிகள் அந்தக் கேள்விக்கு விடை தரும் வரிசையில் அமைந்தவை.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மோவரின் மாதிரி எண், வரிசை எண், வாங்கிய ரசீது, உடன் வந்த கையேடு, காவல்துறை அல்லது மீட்புப் படையின் அறிக்கை, மருத்துவப் பதிவுகள், மரணம் எனில் பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவை அடிப்படை. இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் முதலில் வாங்கியவரின் பெயரும் முதல் விற்பனைத் தேதியும் வேண்டும். அந்தத் தேதி ஏன் முக்கியம் என்பது மூன்றாம் படியில் வரும்.

சம்பவ நாளில் அக்கம்பக்கத்தினர் கைப்பேசியில் எடுத்த படங்களைச் சுருக்கப்படாத மூலக் கோப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் எடுத்த நேரமும் நுண்விவரமும் போய்விடும்.

2. இயந்திரத்தைத் தொடாமல் காப்பாற்றுங்கள்

வேறெந்த வேலைக்கும் முந்தியது இது. நம் வீடுகளில் இழவு நடந்தபின் அந்த வண்டியைக் கண்ணில் பார்க்கவே பிடிக்காமல் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இல்லையேல் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மோவரைக் கழிவு விற்பனைக்கு எடுத்துச் சென்றுவிடும். இரண்டும் வழக்கை அங்கேயே முடித்துவிடும். வண்டி தம் கட்டுப்பாட்டில் இருந்தும் அழியவிட்டவர் மீது நீதிமன்றம் தண்டனை விதிக்கலாம். குறைந்தபட்சம் நடுவர் குழு (ஜூரி) அதை வைத்து அவருக்குப் பாதகமாக எண்ண இடம் கொடுக்கும்.

ஆகவே முதல் நாளே காப்பீட்டு நிறுவனத்துக்கும், வண்டியை இழுத்துச் சென்றவருக்கும், வேலைத்தளம் எனில் முதலாளிக்கும், "இதைப் பழுதுபார்க்கவோ விற்கவோ கழுவவோ கூடாது" என்று எழுத்தில் அனுப்ப வேண்டும். வண்டியைக் கூரைக்குக் கீழே, பூட்டிய இடத்தில் வைத்து, யார் எப்போது பார்த்தார்கள் என்று ஒரு பதிவேடு வைத்திருங்கள்.

இன்ஜினை இயக்கிப் பார்க்கத் தோன்றும், செய்யாதீர்கள். பிரேக் நெம்புகோல், பிளேடைச் சுழலவிடும் சுவிட்ச், ஹைட்ராலிக் பைபாஸ் வால்வு, வெட்டும் உயர அமைப்பு, டயர் காற்றழுத்தம் ஆகியவை விபத்தின்போது இருந்த நிலையிலேயே படமாக்கப்பட வேண்டும். பெட்ரோல் கசிந்தால் மட்டும் பாதுகாப்புக்காக வடிக்கலாம், அதையும் படமெடுத்துக்கொண்டு. எதையாவது கழற்றவோ அறுக்கவோ வேண்டியிருந்தால் எதிர்த்தரப்புக்கு அறிவித்து, அவர்கள் முன்னிலையில் செய்ய வேண்டும். ஏஎஸ்டிஎம் இ860 என்ற நடைமுறைத் தரநிலை இதைத்தான் சொல்கிறது.

3. காலவரம்பை இரண்டு கணக்காகப் போடுங்கள்

காயம்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும் காலவரம்பு ஒன்று. பொருள் முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும் இறுதி வரம்பு மற்றொன்று. புதியவர்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு "இன்னும் நேரம் இருக்கிறது" என்று இருந்துவிடுகிறார்கள்.

டென்னசியில் உடற்காய வழக்கை ஒரே ஆண்டுக்குள் தொடர வேண்டும். கலிபோர்னியாவில் 2 ஆண்டு. இரண்டாம் கணக்கில் ஜார்ஜியா 10 ஆண்டு, வட கரோலினா 12 ஆண்டு, டெக்சாஸ் 15 ஆண்டு என்று வரம்பு வைத்திருக்கின்றன. புல்வெட்டிகள் நீண்ட காலம் உழைப்பவை. வட கரோலினாவின் கேரி, மோரிஸ்வில் பகுதியில் வீடு வாங்கும்போது பழைய உரிமையாளர் விட்டுச்சென்ற 14 வயது மோவரில் நேற்று விபத்து நடந்திருந்தாலும், உற்பத்தியாளர் மீதான வழக்கு பெரும்பாலும் பிறக்கும் முன்பே இறந்ததாகிவிடும். அதனால்தான் முதல் விற்பனைத் தேதியை முதல் படியிலேயே கேட்டேன்.

4. எந்த வகை மோவர் என்பதைத் தீர்மானியுங்கள்

முன்சக்கரத்தைத் திருப்பும் லான் டிராக்டரும், இரண்டு கைப்பிடிகளால் பின்சக்கரங்களைத் தனித்தனியே இயக்கும் ஜீரோ டர்ன் மோவரும் கவிழும் விதம் வேறு. ஜீரோ டர்னில் முன்சக்கரங்கள் தாமாகச் சுழலும் காஸ்டர்கள். திசையும் வேகமும் நிறுத்தமும் பின்சக்கரங்களின் பிடிப்பையே நம்பியிருக்கின்றன. ஈரப் புல்லில் பின்டயர் வழுக்கினால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. வண்டி சரிவு இழுக்கும் பக்கம் போகும். கீழே தடுப்புச்சுவரோ குளமோ ஓடையோ இருந்தால் அங்கேதான் கவிழ்கிறது.

லான் டிராக்டரில் பின்னால் புல் சேகரிக்கும் பை நிறைந்திருக்கும்போது மேட்டில் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னோக்கிக் கவிழும் ஆபத்து கூடுகிறது. எனவே பை பொருத்தியிருந்ததா, நிறைந்திருந்ததா, முன்பக்க எடைக்கட்டி இருந்ததா என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

5. ரோப்ஸும் சீட் பெல்ட்டும் இருந்த நிலை

இருக்கைக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவைத் துறையில் ரோப்ஸ் (ROPS, கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம்) என்பார்கள். கவிழும்போது அது கொஞ்சம் வளைந்து ஆற்றலை உள்வாங்கி, ஓட்டுநர் இருக்கும் இடம் நசுங்காமல் ஓர் இடைவெளியைக் காக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஓட்டுநரை இருத்திவைப்பது சீட் பெல்ட். வளைவு நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டியே ஆக வேண்டும். வளைவை மடித்திருந்தால் பெல்ட் கட்டவே கூடாது, ஏனெனில் அப்போது பெல்ட் ஓட்டுநரை வண்டிக்கு அடியிலேயே கட்டிப்போடும். இந்த இரட்டை விதியைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்படும் அறிக்கைகள் முதல் குறுக்கு விசாரணையிலேயே உடைகின்றன.

நான்கு நிலைகளில் ஒன்றுதான் உங்கள் முன் இருக்கும்: ரோப்ஸ் பொருத்தவே இடமில்லாத மாதிரி, கூடுதல் விலைக்குக் கிடைத்தும் வாங்கப்படாதது, வாங்கியபின் கழற்றியோ மடித்தோ வைக்கப்பட்டது, நிமிர்ந்திருந்தும் காப்பாற்றாதது. ஒவ்வொன்றுக்கும் வழக்கு வேறு. முதலாவதும் கடைசியும் உற்பத்தியாளரை நேராகச் சுட்டுகின்றன. நடுவில் உள்ள இரண்டுக்கும் அதிக உழைப்பு வேண்டும்.

வழக்கமாக எந்த நிலையில் ஓட்டினார்கள் என்பதை இரும்பே சொல்லிவிடும். மடிப்பு மூட்டில் ஊசியைச் செருக இரண்டு துளைகள் இருக்கும். எந்தத் துளையின் விளிம்பில் பெயின்ட் தேய்ந்து உலோகம் பளபளக்கிறதோ, அந்த நிலையில்தான் வளைவு பெரும்பாலும் இருந்திருக்கிறது. ஊசி துருவேறி இறுகியிருந்தால் அது நெடுங்காலமாக நகர்த்தப்படவில்லை. பெல்ட்டைக் கவனியுங்கள்: சுருட்டிக்குள் காய்ந்த புல்துகள் அடைத்துக் கிடந்து, வெளியே தெரியும் பட்டை மட்டும் வெயிலில் வெளுத்திருந்தால், அதை யாரும் இழுத்துக் கட்டவில்லை. கட்டியிருந்து பாரம் விழுந்தால் பட்டையிலும் கொக்கியின் நாக்கிலும் உராய்வுத் தடம் பதியும். ஒன்றையும் துடைக்காமல், அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள்.

வளைவில் சான்றளிப்புத் தகடு உண்டா என்றும் பாருங்கள். வீட்டில் பற்றவைத்துப் பொருத்திய குழாய் ரோப்ஸ் ஆகாது. தொழிற்சாலையில் செய்ததாயினும் துளையிட்டோ, முன்பு வளைந்ததை நிமிர்த்தியோ வைத்திருந்தால், அது சோதிக்கப்பட்ட பொருளாக இனி எண்ணப்படாது.

6. இடத்தை அளக்கும்போது பாகையையும் சதவீதத்தையும் குழப்பாதீர்கள்

பெரும்பாலான வீட்டு மோவர்களின் கையேடு 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டாதே என்கிறது. பல கையேடுகளில் மடித்துப் பார்ப்பதற்கான கோடு போட்ட தாளும் இருக்கும். 15 பாகை என்பது ஏறத்தாழ 27 சதவீதச் சரிவு. 15 சதவீதம் எனில் 8.5 பாகைதான். நில அளவையர் வரைபடம் சதவீதத்தில் வரும், கையேடு பாகையில் பேசும். இரண்டையும் ஒன்றாக நினைத்து, விதியை மீறாதவரை மீறியவர் என்று எழுதிய அறிக்கைகளைத் திருத்த வேண்டி வந்திருக்கிறது.

கருவி பெரிதாக வேண்டாம். 120 செ.மீ. நேர்ப்பலகையை ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடித்து, கீழ்ப்பக்க முனையிலிருந்து தரைவரை அளந்தால், 32 செ.மீ. வந்தால் 15 பாகை. டயர்த் தடத்தின் வழியே மீட்டருக்கு ஒருமுறை அளந்து வரைபடத்தில் குறியுங்கள். புல் மழைக்குப்பின் வளர்ந்து தடத்தை மறைக்கும், மண் அரிக்கும், ஆகவே இந்த வேலை முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும்.

கணக்குப் போடத் தெரிந்தவர்கள் விழும் குழி ஒன்று இங்கே உண்டு. பின்சக்கரங்களின் இடைத்தூரத்தில் பாதி 45 செ.மீ., ஈர்ப்பு மையம் 50 செ.மீ. உயரம் எனில், வண்டி பக்கவாட்டில் சாய 42 பாகை வேண்டும் என்று சூத்திரம் சொல்லும். அதை வைத்து "15 பாகையில் கவிழ வாய்ப்பே இல்லை" என்று முடிவு கட்டுவார்கள். நிற்கும் வண்டிக்கு அது சரி. ஓடும் வண்டி முதலில் வழுக்குகிறது, பிறகு ஒரு சக்கரம் சுவர் விளிம்பிலிருந்தோ பள்ளத்திலோ இறங்குகிறது, அந்த நொடியில் சூத்திரத்தின் சரிவு பொருளிழந்துபோகிறது. எனவே விளிம்பின் உயரமும், வழுக்கிய தடத்தின் நீளமும், புல்லின் ஈரமும் சரிவுக் கோணத்துக்குச் சமமான முக்கியத்துவம் பெற வேண்டும்.

7. உடல் எப்படிக் காயப்பட்டது என்பதைத் தனியாகப் பிரியுங்கள்

ரோப்ஸ் இல்லாமை கவிழ்வை உண்டாக்குவதில்லை. கவிழ்ந்தபின் வரும் காயத்தைக் கூட்டுகிறது. கூடுதல் காயத்துக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்ற கொள்கையை 1968-இல் லார்சன் எதிர் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் கார்களுக்காகக் கூட்டாட்சியின் எட்டாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. மோவர் வழக்குகளும் அந்தத் தடத்தில்தான் செல்கின்றன.

ஆகவே மரணக் காரணம் மார்பு அழுந்தி மூச்சடைத்ததா, பிளேடு வெட்டியதா, நீரில் மூழ்கியதா என்பது எல்லாவற்றையும் மாற்றும். மார்பு அழுந்திய வழக்கில் ரோப்ஸின் பயன் தெளிவு. குளத்தில் கவிழ்ந்து மூழ்கியதில், "பெல்ட் கட்டியிருந்தால் நீருக்கடியில் சிக்கியிருப்பாரே" என்ற கேள்வி நிச்சயம் வரும். நீரின் ஆழம், வண்டி தலைகீழாக நின்ற நிலை, வளைவு இருந்திருந்தால் முழுதும் கவிழாமல் பக்கவாட்டில் நின்றிருக்குமா என்பதைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். மீட்டவர்கள் உடலை எங்கிருந்து எப்படி எடுத்தார்கள் என்று நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

8. எந்த விதி பொருந்தும், எது பொருந்தாது

நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டாய விதி, அதாவது கூட்டாட்சி விதித்தொகுப்பின் 16 சிஎஃப்ஆர் 1205, பின்னால் நடந்து தள்ளும் மோவர்களுக்கானது. ஏறி ஓட்டுபவற்றை அது தொடவில்லை. தொழிலாளர் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவின் 1928.51, 1976 அக்டோபர் 25-க்குப் பின் உற்பத்தியான, 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட விவசாய டிராக்டர்களில் பணியாளர்களுக்கு ரோப்ஸ் வேண்டும் என்கிறது. வீட்டுப் புல்வெளிக்கு அது வராது. இந்த விதிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழக்குத் தொடங்குவது வீண்.

மிஞ்சுவது தன்னார்வத் தரநிலைகள். வீட்டுப் பயன்பாட்டுக்கு ஆன்சி/ஓபெய் பி71.1, வணிகப் பயன்பாட்டுக்கு பி71.4, வளைவைச் சோதிக்கும் முறைக்கு ஐஎஸ்ஓ 21299. ஓபெய் என்பது உற்பத்தியாளர்களின் சொந்தச் சங்கம் என்பதை நடுவர் குழு அறிந்திருப்பது நல்லது. தரநிலைக்கு இணங்கியது ஒரு சான்றாகும்; பொதுவாக அதுவே விடுதலை ஆகாது. டெக்சாஸ் போன்ற இடங்களில் கட்டாயக் கூட்டாட்சி விதிக்கு இணங்கியவருக்குச் சாதகமான அனுமானம் உண்டு, ஆனால் தன்னார்வத் தரநிலை அந்தச் சலுகையைத் தராது. மோவர் தயாரான ஆண்டில் நடப்பில் இருந்த பதிப்பையே எடுங்கள். இன்றைய பதிப்பை வைத்துப் பழைய வண்டியை அளக்கக் கூடாது.

9. மாற்று வடிவமைப்பை நிறுவுங்கள்

வழக்கின் உயிர் இங்கே இருப்பதால் அதிக நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். பொருள் பொறுப்புச் சட்டத்தைத் தொகுத்துச் சொல்லும், 1998-இல் வெளிவந்த மூன்றாம் ரீஸ்டேட்மென்ட் என்ற சட்ட அறிஞர்களின் நூல், நியாயமான மாற்று வடிவமைப்பு ஒன்றைக் காட்டச் சொல்கிறது. டெக்சாஸ் சட்டம் அது விற்பனைக்காலத்தில் தொழில்நுட்ப ரீதியிலும் செலவு ரீதியிலும் இயலக்கூடியதாக இருந்திருக்க வேண்டும் என்கிறது. கலிபோர்னியா வேறு வழி வைத்திருக்கிறது. 1978-இன் பார்க்கர் எதிர் லல் இன்ஜினியரிங் வழக்கு, சரிவான தளத்தில் இயங்கிய லோடர் என்ற பளுதூக்கும் இயந்திரத்தில் ரோல் பார் (ரோப்ஸ் போன்ற வளைவு), சீட் பெல்ட் உள்ளிட்ட சில பாதுகாப்புகள் இல்லாததைக் குறையாகச் சொன்னது. வடிவமைப்பே காயத்துக்குக் காரணம் என்று காட்டிவிட்டால், அதன் நன்மை ஆபத்தைவிட அதிகம் என்று நிறுவும் சுமை உற்பத்தியாளருடையது என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது.

வலுவான ஆதாரம் வெளியிலிருந்து வருவதைவிட அதே நிறுவனத்தின் பட்டியலிலிருந்து வருவது மேல். அதே அடிச்சட்டகத்தில் வணிக மாதிரிக்கு ரோப்ஸ் கொடுத்துவிட்டு வீட்டு மாதிரிக்குக் கொடுக்காமல் விட்டிருந்தால், இயலாது என்ற வாதம் எழும்பாது. பொருத்தும் துளைகள் சட்டகத்தில் ஏற்கெனவே இருக்கின்றனவா, உதிரிப்பாகப் பட்டியலில் பின்னர் வாங்கிப் பொருத்தும் ரோப்ஸ் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த ஆண்டு மாதிரியில் ரோப்ஸ் வந்துவிட்டது என்பதைக் கண்டுபிடித்தவுடன் புதியவர்கள் வழக்கு முடிந்துவிட்டதாகத் துள்ளுவார்கள். கூட்டாட்சிச் சான்று விதி 407, காயத்துக்குப் பின் செய்த திருத்தத்தைக் குறைபாட்டுக்குச் சான்றாகக் காட்டத் தடை விதிக்கிறது. இயலுமா என்பதே தகராறானால், அது போன்ற சில நிலைகளில் மட்டும் வழிவிடும். ஆனால் அந்தத் தடை காயத்துக்கு முன் செய்த திருத்தத்துக்கு இல்லை. எனவே தேதிகளை ஒரே கோட்டில் எழுதுங்கள்: வண்டி விற்ற நாள், மாதிரி மாறிய நாள், விபத்து நாள்.

கூடுதல் விலைக்குக் கிடைத்தும் வாங்கப்படாத ரோப்ஸ் தனிச் சிக்கல். நியூயார்க்கில் 1978-இன் பிஸ் எதிர் டென்னெகோ தீர்ப்பு, லோடர் வாங்கியவர் ரோப்ஸைத் தவிர்த்ததால் உற்பத்தியாளரை விடுவித்தது. 1999-இல் பேருந்து பற்றிய தாமஸ் பில்ட் பஸ்ஸஸ் வழக்கு அப்படி விடுவிப்பதற்கு மூன்று நிபந்தனைகளைச் சொன்னது: வாங்குபவர் பொருளையும் அந்தப் பாதுகாப்புக் கருவியையும் நன்கு அறிந்தவர்; அது இல்லாமலும் ஆபத்தில்லாத இயல்பான பயன்பாடு உண்டு; நன்மை தீமையை எடைபோடும் இடத்தில் வாங்குபவரே இருக்கிறார். பேருந்து நிறுவனம் வாங்குவதற்கும், சனிக்கிழமை கடையில் குடும்பத்தோடு போய் மோவர் வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த மூன்றிலும் காட்ட முடியும். அந்தக் கருவி உண்டு என்று விற்பனையாளர் வாய் திறந்தாரா என்பதை வாங்கியவரிடம் கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

10. எதிர்வாதங்களை முன்னதாகவே எழுதிப் பாருங்கள்

மரக்கிளையில் வளைவு சிக்கும், வீட்டுக்காரர் பெல்ட் கட்டமாட்டார், இலேசான வண்டிக்கு மேலே எடை கூடும், கையேட்டில் எச்சரித்திருக்கிறோம் என்பவை வழக்கமாக வரும். மடிக்கும் வளைவு கிளைக்கான விடை. மேலே கூடும் எடையால் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயர்கிறது என்பதை எண்ணாகவே காட்டுங்கள்; வாய்வார்த்தையாக மறுப்பதில் பயனில்லை. பெல்ட் பற்றிய வாதத்துக்கு உங்கள் ஆள் தமது காரில் பெல்ட் கட்டும் பழக்கமுள்ளவரா என்ற சாட்சியம் கொஞ்சம் உதவும்.

ஓட்டியவரின் தவறு எவ்வளவு பாதிக்கும் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் அவரது பங்கு மட்டும் கழியும். டெக்சாஸில் 50 சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது. வட கரோலினாவில் சிறு கவனக்குறைவே வழக்கை முழுதும் மறிக்கக்கூடும். அங்கேயும் வர்ஜீனியாவிலும் குறைபாடு மட்டுமே போதும் என்ற கடும் பொறுப்புக் கொள்கையும் இல்லை, கவனக்குறைவையோ உத்தரவாத மீறலையோ நிறுவ வேண்டும். இந்த இரு மாநிலத்தில் உள்ளவர்களிடம் நான் ஆறாம் படியின் அளவீட்டை இருமுறை செய்யச் சொல்வது இதனால்தான்.

11. யார் மீது, யாரைக் கொண்டு

வேலையில் இருந்தபோது நடந்தால், முதலாளி மீது பொதுவாக வழக்குத் தொடர முடியாது. தொழிலாளர் இழப்பீடுதான் வழி. உற்பத்தியாளர் மூன்றாம் தரப்பு என்பதால் அவர் மீது தனியாகத் தொடரலாம், ஆனால் வரும் தொகையிலிருந்து இழப்பீடு கொடுத்த காப்பீட்டாளர் தம் பங்கைக் கேட்பார். விற்பனைக் கடை ரோப்ஸைக் கழற்றிக் கொடுத்திருந்தால் அதுவும் பட்டியலில் சேரும். கடை வெறுமனே விற்றது மட்டுமெனில் பல மாநிலச் சட்டங்கள் அதை விடுவிக்கும்.

நிபுணரைத் தேர்ந்தெடுக்கும்போது டிராக்டர் அனுபவம் மட்டும் போதாது. நிபுணர் சாட்சியத்தைச் சலிக்கச் சொன்ன 1993-இன் டாபர்ட் தீர்ப்புக்குப் பிறகும், அதே பொருளிலான கூட்டாட்சிச் சான்று விதி 702 2023 டிசம்பரில் திருத்தப்பட்ட பிறகும், முறை நம்பத்தக்கது என்று முதலில் நீதிபதியை ஏற்கச் செய்ய வேண்டும்; "என் அனுபவத்தில்" என்று தொடங்கும் கருத்து நடுவர் குழுவை எட்டாது. அதே எடை, அதே சட்டகத்தில் வளைவைப் பொருத்தி, ஐஎஸ்ஓ 21299 முறையில் பாரமேற்றியோ கணினி மாதிரியில் காட்டியோ பேசக்கூடியவரையே அமர்த்துங்கள்.

வழக்கறிஞரிடம் முதல் சந்திப்புக்குச் செல்லும்போது வண்டி எங்கே பூட்டப்பட்டிருக்கிறது, சாவி யாரிடம், முதல் விற்பனைத் தேதி என்ன, வளைவும் பெல்ட்டும் எந்த நிலையில் இருந்தன, மரணக் காரணம் என்ன என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். காப்பீட்டு ஆய்வாளர் அதற்கு முன்பே அழைத்துப் பதிவுசெய்யப்பட்ட வாக்குமூலம் கேட்டால், வழக்கறிஞரைச் சந்தித்தபின் பேசுவதாகச் சொல்லி வைத்துவிடலாம்.